போய்வந்தவர்

சிறு குழுச் சுற்றுலா என்றால் பன்னிரண்டு பேர். கொடியைத் தூக்கிக்கொண்டு முன்னால் ஓடும் வழிகாட்டி கிடையாது, கழிப்பறை வாசலில் நாற்பது பேருக்குக் காத்துக் கிடக்க வேண்டாம், பழைய நகரத்துச் சந்துகளில் நிதானமாக நடக்கலாம் என்றெல்லாம் சொல்லித்தான் கூடுதலாகப் பணம் வாங்குகிறார்கள். சொன்னது அத்தனையும் உண்மை. சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. இந்தப் பன்னிரண்டில் பதினோரு பேர் மொராக்கோ பார்க்க வந்தவர்கள். பன்னிரண்டாமவர் போய்வந்தவர். மொராக்கோவுக்கு அல்ல, மற்ற எல்லா ஊர்களுக்கும்.

காசாபிளாங்கா விமான நிலையத்தில் பெட்டிக்காக நிற்கும்போதே அவரைக் கண்டுபிடித்துவிடலாம். பதினெட்டுப் பைகள் வைத்த கையில்லாத கோட்டு, தலையில் உஸ்பெகிஸ்தானின் கீவாவில் வாங்கிய தொப்பி. மற்றவர்கள் பெட்டி வருமா வராதா என்ற கவலையில் இருக்க, அவர் மட்டும் கூரையை அண்ணாந்து பார்த்து, “தாஷ்கண்ட் ஏர்போர்ட் இதைவிட நீட்டா இருக்கும்” என்பார். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

வேன் வந்ததும் முன் இருக்கை அவருடையது. “மலைப்பாதை எனக்கு ஒத்துக்காது தம்பி” என்று சென்னையிலிருந்து கூட வந்திருக்கும் டூர் மேனேஜர் பையனிடம் சொல்லிக்கொண்டே ஏறிவிடுவார். மலை வர இன்னும் பல நாள் இருக்கிறது. அன்றைக்குப் பாதை முழுக்கச் சமவெளி.

இவரைப் புரிந்துகொள்ள ஒரே விதி போதும்: இவருடைய பாராட்டு எப்போதும் ஒரு பயணம் பிந்தி வரும். மொராக்கோவில் நிற்கும்போது உஸ்பெகிஸ்தான் நன்றாக இருந்தது. உஸ்பெகிஸ்தானில் இருந்தபோது ராஜஸ்தான் நன்றாக இருந்ததாம். அவர் மனைவி சொல்லித்தான் தெரியும். “கீவா கோட்டைக்குள்ள நின்னுக்கிட்டு நாலு நாளும் ஜெய்சல்மேர், ஜெய்சல்மேர்னுதாங்க சொல்லிட்டிருந்தாரு. ஜெய்சல்மேர்ல இருந்தப்ப என்ன சொன்னாருன்னு கேக்காதீங்க, எனக்கே மறந்துபோச்சு.”

மெக்னெஸ் நகரத்துக்கு அரை நாள்தான். 1672 முதல் 1727 வரை ஆண்ட மூலாய் இஸ்மாயில் என்ற சுல்தானுக்கு மதில் கட்டுவதில் தீராத ஆசை. அவர் கட்டிய மதில்களை நீட்டி வைத்தால் சுமார் 40 கிலோமீட்டர் வரும் என்கிறார்கள். அவ்வளவு பெரிய மதிலுக்கு ஏற்ற வாசலாக பாப் மன்சூர் நிற்கிறது. அதைக் கட்டி முடித்தது 1732-இல், அவர் மகன் காலத்தில். இந்தக் கதையை வழிகாட்டி சொல்லி முடிக்கும்வரை நம்மவர் பொறுமையாகத்தான் இருந்தார். பிறகு கைப்பேசியைத் திறந்து, கீவாவின் இச்சான் கலா மதிலைக் காட்டி, “பத்து மீட்டர் உயரம். 1990-லயே யுனெஸ்கோ எடுத்துக்கிச்சு” என்றார். வழிகாட்டி அந்தப் படத்தை மரியாதையாகப் பார்த்தார். பின்னால் பதினோரு பேரும் வரிசையாகப் பார்க்க வேண்டியதாயிற்று. பாப் மன்சூர் வாசலில் நின்றபடி நாங்கள் கீவாவைப் பார்த்து முடித்தபோது, மெக்னெஸுக்கு ஒதுக்கிய நேரம் தீர்ந்திருந்தது.

ஆனால் அவர் முழு வீச்சில் வெளிப்படுவது ஃபெஸ் நகரத்தில்தான். எட்டாம் நூற்றாண்டின் இறுதியில் இத்ரீஸ் மன்னர்கள் நிறுவிய ஊர். பழைய நகரத்துக்குள் கார் நுழைய முடியாது. சரக்கெல்லாம் கோவேறு கழுதை முதுகிலும் தள்ளுவண்டியிலும்தான் போகிறது. சில சந்துகளில் எதிரே ஒருவர் வந்தால் யார் பக்கவாட்டில் திரும்புவது என்று முடிவு செய்ய வேண்டும். உள்ளே போகிற பயணிகள் பெரும்பாலும் நுழைவது பாப் பூ ஜெலூத் என்ற வாசல் வழியாக. வெளிப்பக்கம் நீல ஓடு, உள்பக்கம் பச்சை ஓடு. வழிகாட்டி வாயைத் திறப்பதற்குள் நம்மவர் முந்திக்கொண்டார்.

“ஆயிரத்து இருநூறு வருஷம்! அந்தக் காலத்து ஓட்டு வேலையைப் பாருங்க. இப்ப எவன் செய்வான்?”

“1913, சார்” என்றார் வழிகாட்டி.

“என்னது?”

“பிரெஞ்சுக்காரர்கள் வந்தபிறகு கட்டியது, சார்.”

நம்மவர் ஒரு விநாடி யோசித்தார். “அதுக்கு முன்னாடி இங்க ஒரு வாசல் இருந்திருக்கும்ல?”

“இருந்தது, சார். பக்கத்திலேயே.”

“அதைத்தான் சொன்னேன்.”

இந்தக் குணத்தை நான் குறையாகச் சொல்லவில்லை. தோற்ற இடத்திலேயே ஜெயித்துக் காட்ட எல்லோராலும் முடியாது. வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர் என்று பிறகு தெரிந்தது.

ஷுவாரா தோல் பதனிடும் தொட்டிகளைத் தரையில் நின்று பார்ப்பவர்கள் குறைவு. சுற்றிலும் உள்ள தோல் கடைகளின் மாடியிலிருந்துதான் பெரும்பாலும் பார்க்கிறார்கள். வெள்ளைத் தொட்டிகளில் சுண்ணாம்பும் புறா எச்சமும். எச்சத்திலுள்ள சத்துதான் தோலை மிருதுவாக்குகிறது. வாடைக்கு மருந்தாகக் கடை வாசலில் ஆளுக்கு ஒரு கொத்துப் புதினா கொடுக்கிறார்கள். நம்மவர் வாங்க மறுத்தார். “ஆம்பூர், வாணியம்பாடியெல்லாம் பிராஞ்ச் மேனேஜரா இருந்திருக்கேன். இது ஒரு நாத்தமா?” இரண்டாவது மாடியில் அவர் மனைவியின் புதினாக் கொத்து அவர் மூக்கில் இருந்தது. மூன்றாவது மாடியில் கடைக்காரர் தோல் கோட்டைக் காட்டினார். பேரம் என்றதும் எங்கள் எல்லோரையும் ஓரமாக ஒதுக்கிவிட்டு, “நான் பேசறேன், நீங்க யாரும் வாயைத் திறக்காதீங்க” என்று இறங்கினார். உஸ்பெகிஸ்தானின் மார்கிலான் பட்டுக் கடையில் எப்படிப் பேரம் பேசினார் என்பதைக் கடைக்காரருக்கே விளக்கினார். கடைக்காரர் புதினா டீ வரவழைத்து, கெண்டியைத் தலைக்கு மேல் தூக்கி ஒரு சொட்டுச் சிந்தாமல் ஊற்றிக் கொடுத்து, கடைசிவரை கேட்டுவிட்டு, ஒரு கோட்டையும் இரண்டு ஜோடி மஞ்சள் செருப்பையும் அவர் தலையில் கட்டினார். விலையைச் சொல்ல மாட்டேன். அவரும் சொல்லவில்லை.

அன்று இரவுச் சாப்பாட்டில்தான் பெரிய விபத்து ஒன்று தப்பியது. கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த ஓய்வுபெற்ற வரலாற்று டீச்சர் சுத்த சைவம். வந்த நாளிலிருந்து காய்கறித் தஜீனும் கஸ்கஸும் மாறி மாறிச் சாப்பிட்டு அலுத்துப்போயிருந்தார். “பஸ்தில்லா சொல்லுங்க டீச்சர். மேலே சர்க்கரை, பட்டைப்பொடி தூவி வரும். உள்ளே பாதாம். நம்ம போளிதான், கண்ணை மூடிக்கிட்டுச் சாப்பிடலாம்” என்றார் போய்வந்தவர். சொன்ன மூன்றும் சரி. நாலாவதாக, அதற்குள் புறா இறைச்சி வைப்பதுதான் ஃபெஸ் நகரத்தின் மரபு. மேசைக்கு வந்த தட்டை வழிகாட்டி எட்டிப் பிடித்ததால் டீச்சரின் அறுபது வருட விரதம் பிழைத்தது. “உஸ்பெக் பக்கம் இதுல பூசணிக்காய்தான் வைப்பாங்க” என்றார் நம்மவர், அசராமல். அது வேறு பண்டம், சம்சா. சொல்லி என்ன ஆகப்போகிறது?

வழிகாட்டியின் பொறுமைதான் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. எத்தனை முறை குறுக்கே பேசினாலும் சிரித்த முகம். அதன் ரகசியம், அட்லஸ் மலையைத் தாண்டிப் பாலைவனத்து விளிம்பில் ரிஸ்ஸானிக்குப் போனபோது விளங்கியது. அதன் ஓரத்தில் சிஜில்மாசா என்ற பழைய வணிக நகரத்தின் இடிபாடுகள் கிடக்கின்றன. சகாராவைக் கடந்து தங்கம் வந்து சேர்ந்த ஊர்; இன்று மண்சுவர்த் துண்டுகள்தான் மிச்சம். 1352-இல் இங்கிருந்து ஒட்டகக் கூட்டத்தோடு மாலி நாட்டுக்குப் புறப்பட்டவர் இப்னு பதூதா. போய்வந்தவர்களின் குலமுதல்வர். தான்ஜியரில் பிறந்து, மக்கா, தில்லி, மாலத்தீவு என்று சுற்றி, இலங்கையில் சிவனொளிபாதமலை ஏறி, நம் மதுரைக்கும் வந்தவர். மதுரையின் முதல் சுல்தான் ஜலாலுதீனின் மகளைத் தில்லியில் கல்யாணம் செய்திருந்தபடியால் மதுரைக்கு மாப்பிள்ளை முறை. அந்த ஊரை வர்ணிக்கும்போதும் தில்லியோடுதான் ஒப்பிட்டார். எல்லாம் சுற்றி முடித்து ஃபெஸ் திரும்பிய பின், சுல்தான் அபூ இனானின் உத்தரவின்படி சொல்லச் சொல்ல, இப்னு ஜுசய் என்பவர் அந்தப் பயணக் கதையை எழுதி 1355-இல் முடித்தார். அரண்மனையில் பலர் ‘இந்த ஆள் அளக்கிறான்’ என்று முணுமுணுத்ததை வரலாற்றாசிரியர் இப்னு கல்தூன் பதிவு செய்திருக்கிறார்.

ஆக, மொராக்கோக்காரர்கள் இப்படிப்பட்டவர்களை ஏழு நூற்றாண்டுகளாகப் பார்த்து வருகிறார்கள். எங்கள் வழிகாட்டிக்குப் பொறுமை பரம்பரைச் சொத்து. ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. இப்னு பதூதா ஊர் திரும்பிய பிறகு சொன்னார். இவர் போன இடத்தில் நின்றுகொண்டே சொல்கிறார்.

“உங்களில் மதுரைக்காரர் யாராவது உண்டா?” என்று கேட்டார் வழிகாட்டி. போய்வந்தவர் கையைத் தூக்கினார். மதுரை தெற்கு வெளி வீதியில் பிறந்து வளர்ந்தவராம்.

“மதுரைக்கு மதில் உண்டா, சார்? இப்போதும் இருக்கிறதா?”

மதில்களின் நிபுணர் முதல் தடவையாக வாயை மூடிக்கொண்டார். டீச்சர்தான் பதில் சொன்னார். “பெரிய கோட்டையே இருந்தது. 1840-கள்ல பிளாக்பர்ன்னு ஒரு கலெக்டர் ஊரைப் பெருசாக்கணும்னு இடிச்சுத் தள்ளிட்டார். மதிலை இடிச்சு அகழியைத் தூர்த்த இடத்துலதான் இப்ப வெளி வீதி, மாரட் வீதி, பெருமாள் மேஸ்திரி வீதியெல்லாம் இருக்கு.”

“ஏங்க, அப்ப நம்ம வீட்டு வாசல்லயே கோட்டை இருந்திருக்கா?” என்றார் மனைவி.

நம்மவர் இடிந்த மண்சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். திருந்திவிட்டார் என்று நாங்கள் நினைத்த நேரத்தில் சொன்னார்: “கீவாவுல இடிக்கலியே.”

மெர்சூகாவில் எர்க் ஷெப்பி மணற்குன்றுகள். சில இடங்களில் 150 மீட்டர் உயரம் வரை எழும்பி, காலையில் ஒரு நிறம், அந்தியில் செம்பு நிறம். ஒட்டகத்தில் ஏறி முகாமுக்குப் போனோம். பாலைவனத்துக்கென்று அவர் கைவசம் தனிச் சரக்கு வைத்திருந்தார்: ஜெய்சல்மேர் பக்கத்துச் சாம் மணற்குன்று, துபாயில் ஜீப்பில் குதித்தது. இரவு பெர்பர் இளைஞர்கள் தீ மூட்டித் தாளம் கொட்டியபோது, ராஜஸ்தானத்துக் கால்பேலியா ஆட்டத்தை 2010-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்ததைப் பற்றிச் சொன்னார். தாளச் சத்தத்தில் பாதிதான் கேட்டது. அந்தப் பயணத்தில் எனக்கு மிகவும் பிடித்த இரவு அது.

அய்ட் பென்ஹத்து பற்றி அதிகம் எழுத வேண்டாம். மண்ணால் கட்டிய கோட்டைக் கிராமம்; இன்னும் சில குடும்பங்கள் வசிக்கின்றன. ‘லாரன்ஸ் ஆஃப் அரேபியா’விலிருந்து ‘கிளாடியேட்டர்’ வரை இங்கே படம் பிடித்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. சுவரை விரலால் தட்டிப் பார்த்து, “செட்டுதான் இது. ராமோஜி ஃபிலிம் சிட்டியில இதைவிட உறுதியாப் போட்டிருப்பான்” என்று தீர்ப்பளித்தார்.

கடைசி ஊர் மராக்கேஷ். சுமார் 19 கிலோமீட்டர் செம்மண் மதில். அதில் வரிசையாக ஓட்டைகள். மண்ணை இடித்து ஏற்றியபோது சாரம் கட்டிய குறுக்குக் கட்டைகள் இருந்த இடம். இப்போது அவற்றில் புறாக்கள் குடியிருக்கின்றன. ஜமா எல் ஃப்னா சதுக்கத்தில் பழச்சாறு வண்டி, கதை சொல்பவர்கள், அடுப்புப் புகை, பாம்பாட்டி மகுடி, பின்னால் 77 மீட்டர் உயரக் குதுபியா கோபுரம். எல்லோரும் மாடித் தேநீர்க்கடையில் உட்கார்ந்து கீழே பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் பெருமூச்சு விட்டார்.

“என்ன இருந்தாலும் ஃபெஸ் மாதிரி வராதுங்க. அந்தச் சந்துங்க, அந்த நீல வாசல், அந்தத் தோல் தொட்டி வாசனை... உலகத்துல எங்கயும் கிடையாது!”

பதினோரு பேரும் திரும்பிப் பார்த்தோம். அவர் தலையில் கீவாத் தொப்பி இல்லை. ஃபெஸ் நகரத்துச் சிவப்புக் குல்லா வந்திருந்தது. அடுத்த வருடம் ஜோர்டானுக்குப் பணம் கட்டிவிட்டாராம். பெட்ராவின் பாறைகளைப் பார்க்கப் போகும் அந்தப் பதினோரு பேரும் இனி ஃபெஸ் நகரத்தின் பெருமையை மணிக்கணக்கில் கேட்பார்கள்.

மொராக்கோவுக்குச் சிறு குழுவில் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வேனில் கடைசி வரிசையைப் பிடித்துக்கொள்ளுங்கள். மராக்கேஷ் போகும் வழியில் 2,260 மீட்டர் உயரத்தில் டிஷ்கா கணவாய் வரும். வளைவுக்கு வளைவு நன்றாகக் குலுக்கும். ஆனால் முன் இருக்கையிலிருந்து பேசுவது அங்கே கேட்காது.