பேரரசரும் முழங்கால் வலியும்

பெய்ஜிங்கில் இருக்கும் தடைசெய்யப்பட்ட நகரத்தைப் பற்றி ஒரு விஷயத்தை எந்த வழிகாட்டிப் புத்தகமும் அழுத்திச் சொல்வதில்லை. அது நடக்கிறவர்களுக்காகக் கட்டப்பட்ட அரண்மனை அல்ல. 1420-ல் கட்டி முடித்த நாளிலிருந்து மிங், சிங் வம்சங்களின் 24 பேரரசர்கள் அதில் இருந்திருக்கிறார்கள். எங்கே போவதென்றாலும் பல்லக்கு. தெற்கு வாசலிலிருந்து வடக்கு வாசல் வரை 961 மீட்டர் என்பது பல்லக்கில் சாய்ந்திருப்பவருக்கு ஒரு கொட்டாவி நேரம். என் அம்மாவுக்கு அது இரண்டு முட்டிகளும் கலந்து பேசி முடிவெடுக்க வேண்டிய சமாசாரம்.

"வீல்சேர் எடுத்துக்கலாமா அத்தை?" என்று என் மனைவி கேட்டாள்.

"எதுக்கு? திருப்பதி மலையையே நடந்து ஏறினவ நான்."

எந்த வருஷம் என்று கேட்கும் துணிச்சல் எங்களில் யாருக்கும் இல்லை.

பாஸ்போர்ட் எண்ணைக் கொடுத்து முன்கூட்டியே பதிவு செய்து, ஆளுக்கு 60 யுவான் கட்டி, தெற்கு வாசலுக்கு வந்து சேர்ந்தோம். நடு வாசல் பேரரசருக்கு மட்டும். மகாராணி கல்யாணத்தன்று ஒரே ஒரு தடவை அதன் வழியாக உள்ளே வரலாம். இதை நான் படித்துச் சொன்னதும் மனைவி, "அன்னிக்கு ஒரு நாள் மரியாதை, அப்புறம் ஆயுசுக்கும் பக்கத்து வாசலா?" என்றாள். அவள் பார்த்த பார்வை சீன வரலாற்றைப் பற்றியதாகத் தெரியவில்லை.

அரண்மனைத் தேர்வில் முதல் மூன்று இடம் பிடித்தவர்களும் ஒரு தடவை அந்த நடு வாசல் வழியாக வெளியே நடந்து போகலாம். அம்மா உடனே பிளஸ் டூ படிக்கும் பேரனைப் பிடித்துக்கொண்டாள்: "கேட்டியாடா?"

"நான் சைடு வாசல்லயே போய்க்கறேன் பாட்டி."

உள்ளே போனால் கண்ணுக்கெட்டிய தூரம் கல் பாவிய முற்றம். மருந்துக்குக்கூட ஒரு மரம் இல்லை. கொலைகாரன் ஒளிந்துகொள்ளக் கூடாது என்பதால் மரம் வைக்கவில்லை என்று ஒரு பேச்சு உண்டு. ஆகஸ்ட் மாத வெயிலில் ஒளிய இடம் தேடியது நாங்கள்தான். முற்றத்தின் கடைசியில் மூன்றடுக்குச் சலவைக்கல் மேடை, அதன் மேல் சிம்மாசன மண்டபம். உள்ளே விடமாட்டார்கள், வாசலில் நின்று எட்டிப் பார்க்கலாம். நான் எட்டிப் பார்த்தபோது தெரிந்தது முன்னால் இருந்தவர்களின் செல்போன்கள். ஒவ்வொரு செல்போனிலும் ஒரு குட்டிச் சிம்மாசனம்.

1908-ல் இந்த மண்டபத்தில்தான் கடைசிப் பேரரசர் பூயிக்கு முடிசூட்டினார்கள். மூன்று வயது நிறையாத குழந்தை. "வீட்டுக்குப் போகணும்" என்று வீறிட்டு அழ, "இதோ முடிஞ்சிடும்" என்று அப்பா சமாதானம் சொன்னார். ராஜ்யமே முடியப்போகிறது என்பதற்கு அது அபசகுனம் என்று பிற்பாடு பேசிக்கொண்டார்களாம். இதை நான் விளக்கிக்கொண்டிருக்கும்போதே என் கடைக்குட்டி தரையில் உட்கார்ந்து, "வீட்டுக்குப் போலாம்பா" என்று ஆரம்பித்தாள். "இதோ முடிஞ்சிடும்" என்று நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கிவிட்டு, ஐஸ்கிரீம் என்றேன். பூயியின் அப்பாவுக்கு இந்த யோசனை தோன்றவில்லை.

மூன்றாவது மண்டபத்தின் பின்னால், டிராகன்கள் செதுக்கிய ஒரே கல் சரிந்து கிடக்கிறது. எடை 200 டன்னுக்கு மேல். கடுங்குளிர் காலத்தில் வழிநெடுகக் கிணறு வெட்டி, பாதையில் தண்ணீர் ஊற்றி உறையவைத்து, பனிமேல் வழுக்க வழுக்க இழுத்து வந்திருக்கிறார்கள். "அந்தத் தண்ணியை இங்கயும் கொஞ்சம் ஊத்தியிருந்தா நானும் அப்படியே வந்திருப்பேனே" என்றாள் அம்மா.

அடுத்த மண்டபத்தில் சிம்மாசனத்துக்கு மேலே ஒரு பெரிய எழுத்துப் பலகை. அடுத்த வாரிசின் பெயரை எழுதிப் பெட்டியில் போட்டு, பலகைக்குப் பின்னால் வைத்துவிடுவார்களாம். பேரரசர் கண் மூடிய பிறகுதான் திறப்பார்கள். பேங்க் லாக்கரில் இருக்கும் நகை யாருக்கு என்று இதுவரை வாய் திறக்காத அம்மா, "நல்ல ஏற்பாடா இருக்கே" என்றாள். மனைவி அந்தப் பலகையை வெகுநேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

அம்மாவை உண்மையில் வாட்டியது நிலைப்படிகள். ஒவ்வொரு வாசலிலும் முழங்கால் உயரத்துக்கு ஒரு கட்டை. "படியை மிதிக்காதே, தாண்டி வா" என்று பேத்தியை அதட்டினாள். பக்கத்தில் ஒரு சீனப் பாட்டியும் தன் பேரனை அதே தொனியில் அதட்டிக்கொண்டிருந்தார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அம்மா தன் முட்டியைத் தொட்டுக் காட்டினாள். அந்தப் பாட்டி தன் முட்டியைத் தொட்டுக் காட்டினார். அப்புறம் அம்மாவின் முழங்கையைப் பிடித்துத் தாண்டவைத்தார். அங்கேயே நின்று ஐந்து நிமிஷம் பேசினார்கள், அவரவர் பாஷையில். தைலத்தின் பெயர் உட்பட எல்லாம் பரிமாறிக்கொண்ட திருப்தியோடு அம்மா திரும்பினாள்.

அந்தப்புரப் பக்கம் போனால் ஒரு வாசலில் நிலைப்படியே இல்லை. பூயி சைக்கிள் ஓட்டப் பழகியபோது இடைஞ்சலாக இருக்கிறதென்று நிலைப்படிகளை அறுக்கச் சொல்லிவிட்டார் என்றேன். அம்மா நெஞ்சில் கை வைத்தாள்.

"வெள்ளிக்கிழமை மஞ்சள் பூசிக் கும்பிடற இடத்தையா அறுத்தான்? அப்புறம் ராஜ்யம் எப்படிடா நிக்கும்?"

"ராஜ்யம் 1912-லயே போயிடுச்சும்மா. உள்ள மட்டும் இருந்துக்கோன்னு விட்டிருந்தாங்க. இது அதுக்கும் பத்து வருஷம் கழிச்சு."

அம்மா அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. வாசலைப் பார்த்தாள், காலைப் பார்த்தாள், காலைத் தூக்காமலே விறுவிறுவென்று அந்தப் பக்கம் போய்விட்டாள். போனவள் திரும்பி நின்று சொன்னாள்:

"பாரேன், சின்னப் பையன், அவனுக்குத்தான் தோணியிருக்கு. இவன்கிட்டயிருந்து போய் ராஜ்யத்தைப் பிடுங்கிட்டாங்களே, பாவிங்க!"