ஆர்தர் மோர்கனுக்கு இருமல் வேண்டும்

கே: நண்பர்கள் சேர்ந்து ஆன்லைனில் எழுதி விளையாடும் கூட்டுக்கதையில் 'ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2' நாயகன் ஆர்தர் மோர்கனாக நடிக்கிறேன். நான் நுழைந்தாலே கதை படுத்துவிடுகிறது என்கிறார்கள். என்ன செய்ய?

ப: துப்பாக்கியைக் கொஞ்ச நாள் உறையிலேயே வையுங்கள். 2018-ல் வந்த அந்த கேமில் 'டெட் ஐ' என்றொரு வித்தை உண்டு. நேரம் மெதுவாகும், வரிசையாகக் குறிவைத்துச் சாய்க்கலாம். தனியாக ஆடும்போது அது சுகம். நாலு பேர் எழுதும் கதையிலோ, மற்ற மூவரும் வசனம் யோசிப்பதற்குள் வில்லன் செத்துக் கிடப்பான்! முதலில் அதைக் கழற்றிப் போடுங்கள்.

எடுத்துக்கொள்ள வேண்டியது ஆர்தருடைய நோட்டுப் புத்தகத்தை. 1899-ல் கொள்ளைக்கூட்டத்தோடு திரியும் அந்த முரடன், ஓய்வாக உட்கார்ந்து பென்சிலால் பறவையும் மிருகமும் வரைகிறான். எனக்கு அவனை அங்கேதான் பிடித்துப்போனது. அப்புறம் அந்த இருமல். கடன் வசூலிக்கப் போன இடத்தில் தாமஸ் டவுன்ஸ் என்ற நோயாளியை அடிக்கிறான். அவர் இருமிய ரத்தம் இவன் முகத்தில் தெறிக்கிறது. காசநோய் இவனையும் பிடித்துக்கொள்கிறது. நீங்கள் இருமலுக்கு முந்தைய ஆர்தரா, பிந்தைய ஆர்தரா? நண்பர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். இரண்டு பேரும் வேறு வேறு மனிதர்கள்.

அடுத்த சண்டையில் "சுட்டேன், செத்தான்" என்று முடிக்காதீர்கள். "குறி வைத்தேன், இருமல் வந்து கை ஆடியது" என்று நிறுத்துங்கள். அடுத்த வரியை யார் எழுதுவது என்று அடிதடியே நடக்கும்.