குண்டு பல்பும் கேக்கும்: ஒரு வெப்பவியல் விசாரணை

மின்விளக்கின் வேலை வெளிச்சம் தருவது என்றொரு பிழையான கொள்கை அறிஞரிடையே நெடுநாளாக நிலவிவருகிறது. அதை மறுப்பதே இவ்வாய்வின் நோக்கம். முதன்மைச் சான்று, 1963இல் அமெரிக்காவின் சின்சினாட்டி நகரிலிருந்து கென்னர் நிறுவனம் வெளியிட்ட ‘ஈஸி-பேக் அவன்’ என்னும் பொம்மை அடுப்பு.

குண்டு பல்பு, தான் குடிக்கும் மின்சாரத்தில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்ட பங்கை வெப்பமாகவே கக்கிவிடும். உலகம் இதைக் குறை என்றது. கென்னரில் இருந்த ரொனால்ட் ஹோவ்ஸுக்கு மட்டும் உண்மை விளங்கியிருக்க வேண்டும். நூறு வாட் பல்புகள் இரண்டை ஒரு பெட்டிக்குள் அடைத்தார், கேக் வெந்தது. நியூயார்க் நடைபாதை வியாபாரிகளைப் பார்த்தே இந்த யோசனை பிறந்தது என்பர். எப்படியாயினும், வெளிச்சத்தைக் கழிவுப்பொருளாக நடத்திய முதல் மேதை என்ற பட்டத்தை ஹோவ்ஸுக்கே வழங்குகிறோம்.

இயங்குமுறை வருமாறு: பொட்டல மாவில் தண்ணீர் விட்டுக் கலக்கி, உள்ளங்கை அகலத் தட்டில் ஊற்றி, பக்கவாட்டுப் பிளவு வழியே உள்ளே தள்ள வேண்டும். வெந்தபின் இன்னும் தள்ளினால் தட்டு ஆறும் அறைக்குப் போய்ச் சேரும். இடைப்பட்ட நேரத்தில் குழந்தை செய்யத்தக்கது ‘ஆயிற்றா?’ என்று கேட்பது ஒன்றே. மணற்சோறு இந்தக் காத்திருப்பைக் கோருவதில்லை. ஆனால் அதை விழுங்க முடியாது.

விலை 15.95 டாலர், அக்காலத்துக்கு அது கொள்ளை விலை. அந்தப் பணத்துக்குக் கடையில் எத்தனையோ கேக் வாங்கலாம் என்னும் பொருளியல் வாதத்தைக் குழந்தைகள் பரிசீலிக்கவே இல்லை. முதலாண்டிலேயே ஐந்து லட்சம் அடுப்புகள் விற்றன. பெற்றோரின் தர்க்கம் இன்னும் நுட்பமானது. அடுப்பு என்றால் ஆபத்து, பல்பு என்றால் பயமில்லை! எரியும் பல்பைத் தொட்டுப் பார்த்தவர் யாரும் அந்த விவாதத்தில் கலந்துகொள்ளவில்லை போலும்.

பின்னாளில் பொம்மை ஹாஸ்ப்ரோ நிறுவனத்தின் கைக்கு மாறியது. 2006இல் அமெரிக்காவின் தேசிய பொம்மைப் புகழ்மன்றத்தில் இடமும் கிடைத்தது. அவ்வாண்டே முன்பக்கத் திறப்புடன் வந்த புது வடிவில் பிஞ்சு விரல்கள் சிக்கிச் சுட்டுக்கொண்டன. 2007இல் ஏறத்தாழ பத்து லட்சம் அடுப்புகளைத் திரும்பப் பெற நேர்ந்தது. பழைய பக்கவாட்டுப் பிளவின் மேன்மைக்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

பேரிடி அதே ஆண்டில் சட்ட வடிவிலும் விழுந்தது. மின்சாரத்தை வீணாக்கும் நூறு வாட் பல்புகளை 2012 முதல் ஒதுக்க அமெரிக்கா முடிவெடுத்தது. வீணாவதைக் கொண்டே கேக் சுட்டவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டதாகத் தெரியவில்லை. 2011இல் ஹாஸ்ப்ரோ, வெப்பத்துக்கென்றே செய்த கம்பிச்சுருளுடன் புதிய அடுப்பைக் கொண்டுவந்தது. அதுவும் கேக் சுடுகிறது. ஆனால் அது வெறும் அடுப்பு; ஆதலால் இவ்வாய்வின் எல்லைக்குள் வராது.