முதலாளிக்குப் பிடித்த எண்

1990களின் நடுவில் ஒரு கம்பெனிக்கு வெப்சைட் இருக்கிறது என்பதே பெரிய கௌரவம். அங்கே யாராவது வருகிறார்களா என்று கேட்பது அநாகரிகம். கேட்டே தீருவேன் என்று அடம்பிடித்தவர்கள் வாயை அடைக்க ‘ஹிட்’ என்றொரு கணக்கு இருந்தது. சர்வரிலிருந்து ஒரு கோப்பு வெளியே போனால் ஒரு ஹிட். பக்கத்தில் 10 படங்கள் இருந்தால், ஒரே ஆள் ஒரே தடவை திறந்ததற்கு 11 ஹிட். ஆகவே வியாபாரத்தைப் பெருக்க விரும்பியவர்கள் இன்னும் நாலு படத்தை ஒட்டினால் போதும். இதற்காகவே ஒட்டினோம் என்று எந்தக் கம்பெனியும் ஒப்புக்கொண்டதில்லை.

இந்தப் பொற்காலத்தைக் கெடுக்க 1995இல் கேம்பிரிட்ஜிலிருந்து ஸ்டீபன் டர்னர் கிளம்பினார். சர்வர் எழுதிவைக்கும் லாக் கோப்பைப் படித்துக் கணக்குச் சொல்லும் ‘அனலாக்’ என்ற நிரலை எழுதி, இலவசமாகவே கொடுத்தார். அதோடு விட்டிருக்கலாம். ‘எத்தனை பேர் வந்தார்கள் என்பதை லாக்கை வைத்துச் சொல்ல முடியாது’ என்பதையும் விளக்கவுரையில் எழுதித் தொலைத்தார். காரணங்கள் நியாயமானவைதான். பார்த்த பக்கத்தை பிரவுசர் தன்னிடமே சேமித்துவைத்து மறுபடி காட்டினால் சர்வருக்குத் தெரியாது. ஏஓஎல் போன்ற இணைய இணைப்பு தரும் நிறுவனத்தின் வாடிக்கையாளர்கள் ஆயிரக்கணக்கில் ஒரு சில இடைக் கணினிகள் வழியாகவே வருவார்கள். சர்வரின் கண்ணுக்கு ஊரே நாலைந்து ஆளாகத் தெரியும்.

இந்த அனலாக்கைக் கையில் எடுத்துக்கொண்டு, அமெரிக்காவில் ஓர் அப்பாவி மேலதிகாரியின் அறைக்குள் நுழைந்ததாக வைத்துக்கொள்வோம்.

“சார், இது இலவசம். ரொம்ப வேகம்.”

“எத்தனை பேர் வந்தாங்கன்னு சொல்லுமா?”

“சொல்ல முடியாதுன்னு தெளிவா சொல்லும் சார்.”

(அமெரிக்காவில் ஏது ‘சார்’ என்று கேட்காதீர்கள். மேலதிகாரி முன்னால் எந்த நாட்டு முதுகும் தமிழில்தான் வளையும்.)

அதே நேரத்தில் போர்ட்லாண்டிலிருந்து வெப்டிரெண்ட்ஸ் வந்தது. காசு கொடுத்து வாங்க வேண்டும். ஆனால் கலர் கலராகப் படம் போடும். அச்சடித்து பைண்டு செய்து மேஜைமேல் வைத்தால் ‘தொப்’ என்று சத்தம் வரும். எத்தனை வருகை என்றும் தயங்காமல் சொல்லும். எப்படி? ஒரே முகவரியிலிருந்து அரை மணி நேரம் சத்தமே இல்லையென்றால், அடுத்து வருவது புது வருகை என்று தொழில் முழுக்க ஒரு வழக்கம் ஏற்பட்டிருந்தது. பக்கத்தைத் திறந்துவைத்துவிட்டுச் சாப்பிடப் போனவர், கைகழுவிவிட்டு வரும்போது இரண்டாவது வருகையாகிவிடுவார். எந்தக் கருவியை மேலிடம் தேர்ந்தெடுத்திருக்கும் என்று சொல்லவும் வேண்டுமா?

பிறகு பக்கத்துக்குள்ளேயே நாலு வரி ஜாவாஸ்கிரிப்டைச் செருகி எண்ணும் முறை வந்தது. தாமாகவே பக்கங்களைத் திறந்து மேயும் அந்நாளைய ரோபோ நிரல்களில் பெரும்பாலானவை இதை இயக்காது. அதனால் கணக்கு கொஞ்சம் சுத்தமானது, சுத்தமானதால் சுருங்கியது. நம் அப்பாவிக்கு அடுத்த கண்டம்.

“இது சரியான கருவி சார். ஆனா எண் குறையும்.”

“பழைய எண்ணை நான் போர்டுல சொல்லிட்டேனே.”

“அதுல ரோபோவும் சேர்ந்திருந்தது சார்.”

“ரோபோவும் வந்ததுதானே?”

இதற்குப் பதில் கிடையாது. விவரமானவர்கள் பதில் தேடவும் இல்லை. வேறு வழியில் போனார்கள். கூடையில் பொருளைப் போட்டுவிட்டு, அனுப்பும் கட்டணத்தைப் பார்த்ததும் ஓடிப்போனவர்கள் எத்தனை பேர், அவர்களோடு ஓடிப்போன தொகை எவ்வளவு என்று ஒரே தாளில் போட்டு நீட்டினார்கள். துல்லியம், முறையியல் என்று மணிக்கணக்கில் பேசியும் அசையாத மேலிடம், இந்தத் தாளைக் கண்டு நாற்காலியைவிட்டே எழுந்தது.

2005இல் சான் டியேகோவின் அர்ச்சின் என்ற கம்பெனியை கூகுள் வாங்கியது. (விளம்பர இணைப்புகளின் வாலில் இன்றும் தொங்கும் ‘யுடிஎம்’ அந்தக் கம்பெனியின் மிச்சம்தான்.) மாதாமாதம் நூற்றுக்கணக்கில் டாலர் கறந்துகொண்டிருந்த சேவையை நவம்பர் 14 அன்று, கூகுள் அனலிட்டிக்ஸ் என்ற பெயரில் இலவசம் என்று அறிவித்தார்கள். உலகமே முண்டியடித்தது. சில நாட்களிலேயே புதியவர்களைச் சேர்ப்பதை நிறுத்தி, காத்திருப்போர் பட்டியல் போட வேண்டியதாயிற்று. எல்லாருக்கும் கதவு திறந்தது 2006 ஆகஸ்டில்தான். அடுத்தவர் வாசலில் கூட்டத்தை எண்ணித்தரும் கம்பெனிக்குத் தன் வாசலுக்கு எவ்வளவு கூட்டம் வரும் என்று தெரியவில்லை.

மேலிடத்தை மசியவைக்க இனி ‘இலவசம்’ என்ற ஒரு சொல் போதும். அந்தச் சமயத்தில்தான் வலைக்கணக்கு நிபுணர் அவினாஷ் கௌஷிக் தன் 10/90 விதியைச் சொல்லிவைத்தார்: கையில் 100 டாலர் இருந்தால் கருவிக்கு 10, அதைப் புரிந்துகொள்ளும் ஆட்களுக்கு 90. மேலிடம் விதியை அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்தது. கருவிக்கு இப்போது பூஜ்யம்; ஆகவே அதே விகிதத்தில் ஆட்களுக்கும் பூஜ்யம்.

இலவசத்தில் ஏதோ வில்லங்கம் இருக்கிறது என்று ஒரு கட்சி முனகிக்கொண்டேதான் இருந்தது. 2022 தொடக்கத்தில் ஆஸ்திரியாவின் தரவுப் பாதுகாப்பு ஆணையமும், அடுத்து பிரான்ஸின் ஆணையமும், வருகையாளர் தகவலை கூகுள் அனலிட்டிக்ஸ் வழியாக அமெரிக்காவுக்கு அனுப்புவது ஐரோப்பியச் சட்டத்துக்கு ஒவ்வாது என்றன. நம் சர்வரிலேயே மட்டோமோ என்ற எண்ணும் நிரலை ஓட்டலாம் என்று, அது பிவிக் என்ற பெயரில் இருந்த காலத்திலிருந்தே கரடியாய்க் கத்திய அப்பாவியிடம், “இதை ஏன் முன்னாடியே சொல்லலே?” என்று கேட்டிருப்பார்கள். அபராதம் என்ற சொல் ‘இலவசம்’ என்ற சொல்லைவிடச் சத்தமாகக் கேட்கும்.

2023 ஜூலை 1 அன்று கூகுள் அனலிட்டிக்ஸின் பழைய பதிப்பு எண்ணுவதை நிறுத்தியது. ஒரு வருடம் கழித்துப் பழைய அறிக்கைகளும் போய்விடும் என்றார்கள். பல வருடம் திறந்தே பார்க்காத அறிக்கைகளுக்காக மேலிடம் துடித்துப்போய் அவசரக் கூட்டம் போட்டது. ஒரு எண்கூட விடுபடாமல் எக்ஸெல்லில் இறக்கிவைக்கும்படி நம் அப்பாவிக்கு உத்தரவு. இறக்கிவைத்தான். அந்தக் கோப்பையும் இதுவரை யாரும் திறக்கவில்லை.