நாற்காலி பறிபோகும் ஊர்

சாமராஜநகருக்கு வந்துபோகும் முதலமைச்சருக்கு நாற்காலி தங்காது என்பது கர்நாடகத்தில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. தேவராஜ் அர்ஸ், குண்டுராவ், ராமகிருஷ்ண ஹெக்டே, பொம்மை, வீரேந்திர பாட்டீல் என்று டீக்கடையில் விரல் மடக்கிச் சொல்வார்கள். வந்தார்கள், போனார்கள், ஊரைவிட்டு மட்டுமல்ல, பதவியைவிட்டும். 1997-ல் எங்களை மைசூரிலிருந்து பிரித்துத் தனி மாவட்டமாக்கியபோது, அன்றைய முதல்வர் ஜே.எச். பட்டேல் ஊருக்குள் கால் வைக்காமல் மாதேஸ்வரன் மலையிலேயே விழாவை முடித்துக்கொண்டார் என்பார்கள். பிறகு சித்தராமையா வந்தார். ஒன்றுக்குப் பல தடவை வந்தும், 2013-ல் ஏறிய நாற்காலியில் 2018 வரை அசையாமல் உட்கார்ந்திருந்தார். அதோடு அந்த நம்பிக்கை செத்திருக்க வேண்டும். சாகவில்லை. ‘அவருக்கு ஜாதகம் கெட்டி’ என்று டீக்கடை தீர்ப்பு சொல்லிவிட்டது.

எனக்கு ஜாதகம் கிடையாது, ஞானஸ்நானச் சீட்டுதான் இருக்கிறது. என் நாற்காலி பெரியவள் பிறந்த அன்றைக்கே போயிற்று. மிச்சமிருந்த முக்காலியைச் சின்னவன் வந்து எடுத்துக்கொண்டான். இன்றைக்கு எங்கள் வீட்டில் எந்த அலைவரிசை ஓட வேண்டும், எத்தனை மணிக்கு விளக்கணைக்க வேண்டும், என் செல்போன் யார் கையில் இருக்க வேண்டும் என்பதையெல்லாம் முடிவு செய்கிறவர்கள் பள்ளிக்கூடத்தில் இன்னும் பென்சிலால் எழுதுகிறவர்கள்.

பூர்வீகம் இதே மாவட்டத்தில், ஹனூருக்கு அப்பால் இருக்கும் மார்டள்ளி. தமிழ் பேசும் கத்தோலிக்கர் நிறைந்த ஊர். கோயில் மணிக்கு எழுந்து, கோயில் மணிக்குப் படுத்து வளர்ந்தவன் நான். ஞானோபதேசம் மனப்பாடம். ஆகவே பிள்ளைகளுக்கு விசுவாசத்தைக் கற்றுக்கொடுக்கும் இலாகா என்னிடம் இருப்பதாகத்தான் பேச்சு. இலாகாவும் பறிபோனது.

நாற்காலிச் சண்டை சுவிசேஷத்திலும் உண்டு. செபதேயுவின் பிள்ளைகளுடைய தாயார் நேரே வந்து, என் பையன் ஒருத்தன் வலப்பக்கம், இன்னொருத்தன் இடப்பக்கம் என்று சீட்டு கேட்கிறாள். எந்தக் கட்சி அலுவலகத்திலும் பார்க்கக்கூடிய காட்சி. இன்னொரு நாள் கப்பர்நாகூம் போகிற வழியில் சீடர்களுக்குள் யார் பெரியவர் என்று தகராறு. வீடு வந்ததும் இயேசு ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு நடுவில் நிறுத்துகிறார். பிள்ளைகள் கள்ளங்கபடமற்றவர்கள், வெள்ளை மனசு, அதனால்தான் நிறுத்தினார் என்று பிரசங்கத்தில் சொல்வார்கள். சொல்கிற சாமியார்களுக்குப் பிள்ளைகள் இல்லை, மன்னித்துவிடலாம். வெள்ளை மனசுக்காரர்கள் இரண்டு பேரை, ஒரே ஒரு ஜன்னல் சீட் காலியாக இருக்கும் பஸ்ஸில் ஏற்றிப் பார்த்தால் விஷயம் தெரியும்.

என் மனைவிக்குக் கோயமுத்தூர்ப் பக்கம். போகிற வழியில் திம்பம் மலைப்பாதை, 27 கொண்டை ஊசி வளைவுகள். வளைவுக்கு வளைவு இடம் மாறி உட்காருவது என்று ஒப்பந்தம் போட்டுக் கொடுத்தேன். 27 ஒற்றைப்படை எண் என்பதைப் பெரியவள் இரண்டாவது வளைவிலேயே கண்டுபிடித்துவிட்டாள். முதல் வளைவில் உட்கார்ந்தவனுக்குப் பதினாலு, இவளுக்குப் பதிமூன்று. பண்ணாரி வருவதற்குள் அந்த ஒரு வளைவுக்காக நடந்த சண்டையைக் கேட்டிருந்தால் செபதேயுவின் பிள்ளைகளே வெட்கப்பட்டு எழுந்து நின்றிருப்பார்கள்.

ஆகவே அந்தப் பிள்ளை நடுவில் நின்றது அதன் நல்ல குணத்துக்காக அல்ல. எனக்குத் தோன்றுவது இதுதான். அந்தக் காலத்தில் குழந்தைக்குச் சபையில் இடமில்லை, சொத்தில்லை, பேச்சில் மதிப்பில்லை. கொடுத்தால் உண்டு, கொடுக்காவிட்டால் இல்லை. ஆனால் அதைப் பற்றி அதற்குக் கூச்சமும் இல்லை. சின்னவன் இதுவரை ஒரு வேளைச் சோற்றுக்காவது ‘எனக்குத் தகுதி இருக்கிறதா’ என்று யோசித்தவன் இல்லை. தட்டை நீட்டுவான். பிடிக்காவிட்டால் மூஞ்சியைச் சுளிப்பான். மறுபடி நீட்டுவான்.

அவனுக்கு ஜெபம் கற்றுக்கொடுத்தது நான் இல்லை, ஒரு யானை. ஆசனூர்ப் பக்கம் காரப்பள்ளம் சோதனைச்சாவடி அருகே கரும்பு லாரிக்காக யானைகள் காத்து நிற்பதை அந்த வழியில் போகிற எல்லோரும் பார்த்திருப்பார்கள். நாங்கள் போனபோது தாயும் குட்டியுமாக நடுரோட்டில் நின்று ஒரு லாரியை மறித்திருந்தன. பெரியது தும்பிக்கையை உயர்த்தி, தார்ப்பாய்க்கு அடியிலிருந்து ஒரு கரும்பை உருவிக் கீழே போட்டது. குட்டி அதை மிதித்துக்கொண்டு அடுத்ததற்காக நிமிர்ந்து பார்த்தது. எங்கள் பஸ் இந்தப் பக்கம் கால் மணி நேரம் நின்றது. சின்னவன் மூச்சு விடவில்லை. அன்றைக்கு ராத்திரி மாமியார் வீட்டில் முழங்கால் போட்டவன், “இயேசப்பா, சைக்கிள். பச்சைக் கலர். நான் இங்கயே நிக்கிறேன்” என்றான். நிற்கவும் செய்தான். தூக்கம் வந்து சரியும் வரை.

பெரியவர்கள் நாங்கள் அப்படிக் கேட்பதில்லை. சித்தமானால், நன்மையென்று கண்டால், காலம் கனிந்தால் என்று முன்ஜாமீன் வாங்கிக்கொண்டுதான் கேட்போம். கிடைக்காவிட்டால் மானம் போகக் கூடாது பாருங்கள். கெத்செமனியை உதாரணம் காட்டலாம்தான். ஆனால் மாற்கு எழுதியபடி பார்த்தால், அங்கே அவர் கிண்ணத்தை எடுத்துவிடச் சொல்லி முதலில் கேட்கிறார். அதற்குப் பிறகுதான் விட்டுக்கொடுக்கிறார். நாங்கள் கேட்காமலே விட்டுக்கொடுத்துவிட்டு, அதற்குப் பக்தி என்று பெயர் வைத்திருக்கிறோம்.

(சைக்கிள் வந்தது. சிவப்பு. கலர் விஷயத்தில் மேல்முறையீடு நடந்துகொண்டிருக்கிறது.)

ஞாயிற்றுக்கிழமைப் பூசை எங்களுக்குக் கன்னடத்தில். மொழி சின்னவனுக்கு ஒரு பிரச்சினையே இல்லை, நீளம்தான் பிரச்சினை. எழுந்தேற்றத்தின்போது கோயில் முழுக்க ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி வரும் அல்லவா, அதை அவன் தனக்குக் கொடுத்த வாய்ப்பாக எடுத்துக்கொள்வான். “அப்பா, இன்னும் எத்தன நேரம்?” உடனே பின்வரிசையிலிருந்து ஒரு தொண்டைக் கனைப்பு வரும். பிள்ளைகளைக் கொண்டுவந்தவர்களைச் சீடர்கள் அதட்டினார்கள், இயேசு கோபித்துக்கொண்டார் என்று வாசகம் வந்த ஞாயிறன்று, கைக்குழந்தை அழுததால் ஒரு தாய் எழுந்து வெளியே போய் வேப்பமரத்தடியில் நின்று அந்தப் பிரசங்கத்தைக் கேட்டாள். சீடர்கள் இன்னும் டூட்டியில்தான் இருக்கிறார்கள். திருத்தந்தை பிரான்சிஸ் 2014 ஜனவரியில், மைக்கேல் ஆஞ்சலோவின் ஓவியங்களுக்குக் கீழே சிஸ்டைன் சிற்றாலயத்தில் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது, பசித்து அழுதால் இங்கேயே பால் கொடுங்கள் என்று தாய்மார்களிடம் சொன்னார். அந்தச் செய்தி ரோமையிலிருந்து எங்கள் பின்வரிசைக்கு இன்னும் வந்து சேரவில்லை.

வீட்டில் ராத்திரி செபமாலை. முடிந்ததும் அர்ச்சிஷ்டவர்களின் பிரார்த்தனை. ஒருவர் பெயர் சொல்ல, மற்றவர்கள் வேண்டிக்கொள்ளச் சொல்லிப் பதில் கொடுக்க வேண்டும். ஒருநாள் சின்னவன், தானே பெயர் சொல்வேன் என்று அடம்பிடித்தான். என் அம்மாவுக்குப் பெருமை. “சொல்லு சாமி” என்று கண்ணை மூடிக்கொண்டாள். சூசையப்பர் வந்தார், பதில் சொன்னோம். அந்தோனியார், செபஸ்தியார், பதில் சொன்னோம். “அர்ச்சிஷ்ட உப்புமாவே” என்றான் அதே ராகத்தில். அம்மா பதில் சொன்னாள். என் மனைவி சொன்னாள். நானும் சொன்னேன், கொஞ்சம் உரக்கவே. பெரியவள் மட்டும் பாயில் புரண்டு சிரித்தாள். எதற்கு என்று எங்களுக்கு விளங்க இன்னும் இரண்டு அர்ச்சிஷ்டவர்கள் தாண்ட வேண்டியிருந்தது. அவனைத் திட்ட வாய் எடுத்தால் முதலில் எங்களைத் திட்ட வேண்டும். ஆகவே பிரார்த்தனை தொடர்ந்தது. மறுநாள் காலை தட்டில் உப்புமாவைப் பார்த்ததும் அம்மா சிலுவை போட்டுக்கொண்டாள்.

பெரியவளுக்குப் புதுநன்மை வந்தது இன்னொரு சோதனை. முன்காலத்தில் பத்து, பன்னிரண்டு வயதுவரை பிள்ளைகளைக் காக்க வைப்பார்களாம். 1910-ல் பத்தாம் பயஸ்தான், விவரம் தெரிகிற ஏழு வயதளவே போதும் என்று ஆணை போட்டார். அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் ஏழு வயதுக்காரிக்குப் பாவப் பட்டியல் போட உதவும் வேலை அவருக்கு வாய்க்கவில்லை. கோடு போட்ட நோட்டில் ஒன்று, இரண்டு என்று எண் போட்டு உட்கார்ந்தாள். இரண்டோடு நின்றுவிட்டது. பக்கத்து வீட்டுத் தோழியிடம் ஐந்து இருக்கிறதாம். “அம்மா, எனக்குப் பத்தல. ஏதாச்சும் ரெண்டு குடேன்” என்றாள். அவள் அம்மா அரிசி புடைத்துக்கொண்டே, கொஞ்சமும் தயங்காமல், என்னுடையதில் இரண்டை எடுத்துக் கொடுத்தாள். சுலபமாகக் கிடைத்ததைப் பார்த்தால் எங்கோ கைக்கெட்டும் இடத்தில்தான் வைத்திருக்கிறாள்.

பாவசங்கீர்த்தனம் முடிந்து வந்த பிள்ளை மூன்று மங்கள வார்த்தை ஜெபத்தை ஒரே மூச்சில் ஒப்பித்துவிட்டுக் கெபியைச் சுற்றி ஓட ஆரம்பித்தாள். “மன்னிச்சாச்சா?” என்று கேட்டேன். “அதான் சாமியார் சொல்லிட்டாருல்ல” என்றாள், இதெல்லாம் ஒரு கேள்வியா என்பதுபோல. எனக்கோ, பத்தாம் வகுப்பில் சொல்லி மன்னிப்பு வாங்கிய பாவம் ஒன்று இன்னும் நினைவில் பத்திரமாக இருக்கிறது. அவள் சாயங்காலமே தம்பியின் ரப்பரை ஒளித்து வைத்தாள். பட்டியல் மறுபடி தொடங்கியது.

மார்ட்டின் லூத்தர் பேச்சை எடுத்தால் அம்மா எழுந்து போய்விடுவாள். அவள் தூங்கிய பிறகு சொல்கிறேன். திருமணத்தைப் பற்றி அவர் 1522-ல் எழுதிய நூலில், அப்பன் விசுவாசத்தோடு குழந்தையின் பீத்துணியை அலசும்போது பார்க்கிறவர்கள் கேலி செய்தாலும் கடவுளும் சம்மனசுகளும் சிரித்து மகிழ்கிறார்கள் என்கிறார். அருமையான வாக்கு. என்ன, அவருக்குக் கல்யாணம் ஆனது 1525-ல். முதல் பிள்ளை பிறந்தது 1526-ல். அலசுவதற்கு முன்னால்தான் அப்படி எழுத முடியும். பிறகு ஆறு பிள்ளைகள் பிறந்தும் அவர் அதை வாபஸ் வாங்கவில்லை என்பதற்காக அவரை மெச்சலாம்.

என்னைக் கேட்டால், பிள்ளை வளர்ப்பவர்களுக்கென்றே சொன்ன உவமை லூக்கா பதினோராம் அதிகாரத்தில் இருக்கிறது. நடுராத்திரியில் ஒருவன் நண்பன் வீட்டுக் கதவைத் தட்டி மூன்று ரொட்டி கேட்கிறான். உள்ளே இருப்பவன் சொல்லும் சாக்கு, கதவு பூட்டியாயிற்று, பிள்ளைகள் என்னோடு படுத்திருக்கிறார்கள் என்பது. கல்யாணத்துக்கு முன்னால் இதைக் கேட்டபோதெல்லாம், எழுந்து கொடுத்தால் என்ன, இத்தனை சோம்பேறியா என்று வெளியே நிற்பவன் கட்சியில் இருந்தேன். இப்போது உள்ளே இருப்பவனுடைய நியாயம் எலும்பு வரை தெரிகிறது. இரண்டையும் தூங்கவைக்க அவன் என்ன பாடு பட்டானோ! விடாமல் தட்டுகிறானே என்பதற்காகவாவது அவன் எழுந்து கொடுப்பான் என்று கதை போகிறது. நானும் அப்படித்தான் எழுகிறேன். முதல் தண்ணீருக்குப் பாசத்தோடு, இரண்டாவது தண்ணீருக்குக் கடமைக்கு, மூன்றாவதற்கு வேறு வழியில்லாமல். கேட்கிறவனுக்கு மூன்றும் ஒரே தண்ணீர்தான்.

ஒருநாள் ராத்திரி, தூங்க வைக்கும் உத்தியாக இந்தக் கதையையே அவர்களுக்குச் சொன்னேன். தேர்ந்தெடுத்த கதை சரியில்லை.

“கதவத் தெறந்தாருல்ல, அப்ப அந்தப் பிள்ளைங்க முழிச்சிக்கிட்டாங்களா?” என்றான் சின்னவன்.

லூக்கா அதைச் சொல்லவில்லை. பெரியவள் சொன்னாள்: “முழிச்சிருப்பாங்க. ரொட்டி எடுக்கிற சத்தம் கேட்டா யாரு தூங்குவா? அவங்களும் கேட்டிருப்பாங்க.”

“அப்ப மூணு பத்தாதே.”

“அஞ்சு எடுத்திருப்பாரு.”

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு இருட்டில் சின்னவனின் குரல் வந்தது: “அப்பா, நம்ம வீட்ல ரொட்டி இருக்கா?”

ரொட்டி இல்லை. பன் இருந்தது.