எல்லாம் அறிந்த நாற்காலி

இந்திய ஆட்சிப் பணிக்கு மருத்துவரும் வரலாம், பொறியாளரும் வரலாம். படித்த படிப்புக்கு மரியாதை தேர்வில் வெல்லும் வரைதான். பிறகு நேற்று கால்நடை, இன்று கைத்தறி, மாற்றல் உத்தரவு வந்தால் நாளை சுரங்கம். மாடுகளைப் பார்த்தே தலை நரைத்த கால்நடை மருத்துவர், கோமாரி என்றால் என்னவென்று புதுச் செயலாளருக்குக் கோப்பில் விளக்குவார். புரிந்த மறுவாரம் செயலாளருக்கு மாற்றல்.

இந்த வழக்கத்தை நமக்கு விட்டுப்போன பிரிட்டனே 1968இல் தன் ஆட்சிப் பணியை ஆராய்ந்த ஃபுல்ட்டன் குழுவிடம் இதற்காக வாங்கிக் கட்டிக்கொண்டது.

இங்கே 2024 ஆகஸ்டில் 45 பதவிகளுக்கு வெளியிலிருந்து நிபுணர்களைக் கேட்டு விளம்பரம் வந்தது. இடஒதுக்கீடு எங்கே என்ற கேள்வி (நியாயமானதுதான்) எழுந்ததும் சில நாளில் வாபஸ். ஆக, பழைய வழக்கம்தான்: செமிகண்டக்டர் கோப்பைப் பார்ப்பவர் போன வருஷம் மீன்வளத்தில் இருந்திருந்தாலும் வியப்பில்லை.