முயலுக்கு மனை பாக்குற தம்பிக்கு

வா தம்பி, இப்படி உக்காரு. போன்ல அந்தப் படத்தை இன்னொரு தடவை காட்டு. இரு, கண்ணாடி போட்டுக்கறேன். அடேங்கப்பா! கீழ ஒரு கட்டு, மேல ஒரு கட்டு, ஏறி எறங்க ஏணி, சிவப்புச் சாயம் பூசின கூரை, கதவுல பூ வேலை. விலை என்ன சொன்ன? ரெண்டு மாச வாடகையா? சரிதான். நீயும் உன் பொண்டாட்டியும் மாடியில ஒத்தை ரூம்ல, துணி மூட்டையெல்லாம் கட்டிலுக்கு அடியில. முயலுக்கு டூப்ளெக்ஸ். கொடுத்து வெச்ச முயலு.

நான் வேணாம்னு சொல்லலப்பா. ஆனா அந்தக் கூண்டு யாருக்குக் கட்டினதுன்னு பாத்தியா? பனி கொட்டுற ஊரு முயலுக்கு. அங்க இருக்கற கவலை குளிரு. அதனாலதான் பொந்து மாதிரி படுக்கை அறை, கையளவு வாசல், மேல தார் ஷீட்டு. உள்ள இருக்கற சூடு வெளிய போயிடக் கூடாது, அதான் அவன் கணக்கு. அதைக் கொண்டாந்து கத்திரி வெயில்ல பம்மல் மொட்டை மாடியில வெச்சீன்னா சூடு வெளிய போகாதுதான், உள்ள இருக்கறது வெந்துடும். பம்மல் சம்பந்த முதலியார் 1891ல சுகுண விலாச சபா ஆரம்பிச்சு நாடகம் போட்டாரே, நம்ம ஊரு பேரைத் தன் பேருக்கு முன்னால சுமந்தவரு, அந்த மாதிரி மேடையில வைக்கற அரண்மனைத் தட்டிதான் நீ காட்டுறது. முன்னால நின்னு பாக்க அழகு. குடியிருக்க ஆகாது.

குட்டியா இருந்தப்ப கையில அடங்கிச்சு, இல்ல? வித்தவன் இதுக்கு மேல வளராது சார்னு சொன்னான், நீயும் தலையாட்டிட்டு வந்த. இப்ப நாலு கிலோவைத் தொட்டுடிச்சி, இன்னும் காது நீளுது. ஒயிட் ஜயண்ட், கிரே ஜயண்ட், சோவியத் சின்சில்லா எல்லாம் நாலஞ்சு கிலோ வர்ற ஜாதி. ஃப்ளெமிஷ் ஜயண்ட்னு ஒண்ணு, ஆறு ஏழு கிலோன்னு ஆட்டுக்குட்டிக்குப் போட்டியா நிக்கும். இங்கிலாந்துல டேரியஸ்னு ஒரு முயல், மூக்குலேருந்து வாலு வரைக்கும் 129 சென்டிமீட்டர்னு 2010ல கின்னஸ்ல ஏத்தினாங்க. நாலடிக்கு மேலப்பா. 2021 ஏப்ரல்ல தோட்டத்து அடைப்புலேருந்து அதை யாரோ ராத்திரியோட ராத்திரியா தூக்கிட்டுப் போயிட்டான். அத்தனை பெரிய முயலையே தூக்கற உலகத்துல நீ கூண்டுக்குக் கொக்கி மட்டும் போட்டா போதும்ங்கற. பூட்டு வாங்கு.

சூட்டைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லிடறேன், இதுதான் எல்லாத்துக்கும் அஸ்திவாரம். முயலுக்கு நம்மள மாதிரி வேர்த்துக் கொட்டாது. நாயி மாதிரி நாக்கைத் தொங்கப் போட்டு மூச்சு வாங்கவும் அதுக்குச் சரியா வராது. உடம்புச் சூட்டை வெளிய தள்ள இருக்கற வழி முக்கியமா அந்த ரெண்டு காதுதான். 30 டிகிரி தாண்டினா தவிக்கும், 35ஐத் தாண்டினா உசுருக்கே ஆபத்து. நம்ம ஊரு 2003 மே கடைசியில 45ஐப் பாத்த ஊரு. சர்க்காரு முயல் ஆராய்ச்சியை எங்க கொண்டு போய் வெச்சிருக்காங்க பாரு: கொடைக்கானலுக்கு மேல மன்னவனூரு, ஊட்டிப் பக்கம் சாண்டிநல்லா. முயலுக்கே தெரியும் லீவுக்கு எங்க போகணும்னு. அதுக்காக நம்ம பக்கம் வளக்கவே முடியாதுன்னும் இல்ல. இந்த ஜி.எஸ்.டி. ரோட்டுல கூடுவாஞ்சேரி தாண்டினா காட்டுப்பாக்கம், கால்நடைப் பல்கலைக்கழகத்து ஆளுங்க அங்க சமவெளி வெயில்லயே முயல் வெச்சுப் பாக்கறாங்க. போய்ப் பாத்துட்டு வா, பஸ் காசுதான் செலவு. கொட்டகை ஒசரம், பக்கமெல்லாம் கம்பி வலை, காத்து இந்தப் பக்கம் வந்து அந்தப் பக்கம் போகும். அவ்வளவுதான் சூட்சுமம்.

ஆனா அங்க இருக்கற கூண்டு அளவை அப்படியே எழுதிக்கிட்டு வந்துடாத. பண்ணைக் கணக்குல கடாவுக்கு நாலு சதுர அடி, பொட்டைக்கு அஞ்சு. அது தட்டுல வைக்கற முயலோட கணக்கு. மடியில வைக்கற முயலுக்கு வேற. இங்கிலாந்துல முயல் நலச் சங்கம் ஒண்ணு இருக்கு, நடுத்தர சைசு முயல் ரெண்டுக்கே மூணு மீட்டர் நீளம், ரெண்டு மீட்டர் அகலம், ஒரு மீட்டர் ஒசரம் வேணும்னு சொல்லுது. நம்ம கணக்குல பத்தடிக்கு ஆறரை அடி. உன்னோடது பெரிய ஜாதி, இன்னும் தாராளமா விடணும். பின்னங்காலை ஊணி எழுந்து நின்னா காது மடங்கக் கூடாது. நாலு தாவு தாவினா சுவத்துல முட்டக் கூடாது. பாரு, உன் சமையக்கட்டை விட முயலுக்குப் பெருசா போயிடிச்சி. பொண்டாட்டிகிட்ட இந்த அளவைச் சொல்லாத, எனக்குத் தெரிஞ்சதா காட்டிக்காத.

இடம் எதுங்கற? மொட்டை மாடிதான்னு ஒத்தைக் கால்ல நிக்கற. தான் புடிச்ச முயலுக்கு மூணே கால்னு சும்மாவா சொன்னான்? தளம் பகல் பூரா வெயிலைக் குடிச்சுட்டு ராத்திரி பத்து மணி வரைக்கும் கக்கும். நீயே மே மாசம் அங்க செருப்பில்லாம நடக்க மாட்ட. கீழ, வேப்ப மரத்தை ஒட்டினாப்ல இருக்கே பக்கத்து சந்து, அங்க போடு. மேக்கு வெயிலை வீடே மறைச்சுக்கும். மவன்கிட்ட நான் பேசிக்கறேன், வீட்டு ஓனருன்னு அவன் பேருலதான் பத்திரம், இருந்தாலும் அப்பன் சொன்னா கேப்பான்.

வாசல் கெழக்க பாத்து இருக்கணும். வாஸ்து இல்லப்பா, காத்து. வெயில் காலத்துல மத்தியானம் தாண்டினா கடக்காத்து கெழக்கேருந்து எறங்கும், பம்மல் வந்து சேர கொஞ்சம் தாமதமாகும், ஆனா வரும். அந்தக் காத்து முயல் மேல படணும். இதுல ஒரு வில்லங்கம் இருக்கு. ஐப்பசி, கார்த்திகையில மழையும் அதே வாசல்லதான் வரும். வடகிழக்கு மழை சாஞ்சு அடிக்கும், சாரல் உள்ள வரைக்கும் நனைக்கும். அதுக்குத்தான் கெழக்குப் பக்கம் சுருட்டி எறக்கற மாதிரி தார்ப்பாய் ஒண்ணு, பகல்ல தூக்கிவிட, மழையில எறக்க. அதோட கெழக்குச் சாய்ப்பை நாலடி கூடுதலா இழுத்து விடச் சொல்லு. நாலடி. மறந்துடாத.

தரை ரெண்டடி ஒசரம். 2015 டிசம்பர்ல அடையாறு பொங்கி அனகாபுத்தூர்ப் பக்கம் வீட்டுக்குள்ள தண்ணி வந்ததை நீ பேப்பர்ல படிச்சிருப்ப, நான் படகு பாத்தவன். 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வந்தப்ப எத்தனை தெருவு தண்ணியில நின்னிச்சு? தம்பி, மனுஷன் மாடிக்கு ஏறிடுவான். பூட்டின கூண்டுல இருக்கறது எங்க ஏறும்? மண்ணுல நேரா விட்டாலும் ஆபத்து, முயலு வளை தோண்டி மறுநாள் பக்கத்து வீட்டு சாமந்திப் பூவைத் தின்னுக்கிட்டு நிக்கும். பெருச்சாளி அதே வளையால உள்ள வரும். அதனால சிமெண்ட் தரை போட்டு, மூத்திரம் ஓட ஒரு பக்கம் வாட்டம் குடு. மூத்திரம் தேங்கினா கண்ணெரியற நெடி வரும், அந்த நெடிதான் முயலோட நெஞ்சைப் புடிக்கும். ஒரு மூலையில கடப்பாக் கல்லு பதி. மத்தியானம் வயித்தை அதுல ஒட்டி நீட்டிப் படுத்துக்கும், அதைப் பாத்தா உனக்கே பொறாமை வரும். இன்னொரு மூலையில காஞ்ச வைக்கோலு. கம்பி வலைத் தரை வேணவே வேணாம். பண்ணையில புழுக்கை கீழ விழட்டும்னு போடறாங்க, ஆனா கனத்த முயலுக்குப் பின்னங்கால் குதி தேஞ்சு புண்ணாயிடும். வந்தா லேசுல ஆறாது.

கூரைக்கு வர்றேன். தகரம் போட்டா அடுப்பு. சிமெண்ட் ஷீட்டு கொஞ்சம் தேவலாம், ஆனா அதுவும் அனல்தான். எங்க மதுராந்தகம் பக்கமா இருந்தா நேரா கீத்து வேஞ்சுடுவோம். இங்க தீபாவளி ராக்கெட்டு ஒண்ணு வந்து குந்தினா கீத்துக் கொட்டா போச்சு. அதனால மேல ஷீட்டு, அதுக்குக் கீழ ஒரு சாண் இடைவெளி விட்டு கீத்துத் தட்டி. நடுவுல காத்து ஓடணும். ஷீட்டு மேல சித்திரை பொறக்கறதுக்கு முன்னால சுண்ணாம்பு அடிச்சுடு. ஈரக் கோணி தொங்க விடலாம்னு உங்க ஆபீஸ்ல ஒரு மேதாவி சொன்னான்னியே. தொங்க விடு, ஆனா காத்து ஓடற பக்கம் மட்டும். நாலு பக்கமும் மூடித் தொங்க விட்டீன்னா நம்ம ஊரு புழுக்கத்துல உள்ள இட்லி வெந்துடும். பாட்டில்ல தண்ணி ஊத்தி ஃப்ரீசர்ல வெச்சு, துணியில சுத்திப் பக்கத்துல வை. காதை ஈரக் கையால தடவி விடு. குடிக்கற தண்ணி கனமான மண் சட்டியில, ரெண்டு எடத்துல. லேசான கிண்ணத்தைக் கவுத்துட்டு அந்தாண்ட போயிடும், குறும்பு ஜாஸ்தி.

சாமான் வாங்க வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தைக்குப் போ. பழைய கதவு, ஜன்னல், இரும்பு கிரில், ஆங்கிள்னு அங்க கெடைக்காதது இல்ல, வெயில் ஏறறதுக்குள்ள போனா பேரம் படியும். ஆனா பெயிண்டு உரியற பழைய மரக் கதவைத் தொடாத. அந்தக் காலத்துப் பெயிண்டுல ஈயம் இருக்கும், முயலுக்குப் பல்லு நிக்காம வளரும், கொறிச்சு கொறிச்சு தேய்க்கும். ஈயத்தைச் சோறா தின்னும். இரும்பு கிரில்லா பாத்து வாங்கு. அதுக்கு மேல அரை இஞ்சு வெல்டு மெஷ். கோழி வலை மலிவுன்னு எடுத்துட்டு வராத, நாயி பல்லால பிச்சுடும், முயலே அறுத்துடும். அரை இஞ்சுக்கு மேல ஓட்டை இருந்தா எலி வரும், எலி வந்தா பின்னாலயே சாரை வரும், சாரையைப் பாத்து உன் பொண்டாட்டி ஊருக்குப் போயிடுவா. எலிக்கு மருந்து வைக்கறேன்னு மட்டும் கெளம்பாத. எலி மருந்துக்கு முயல் எது, எலி எதுன்னு தெரியாது.

ஒளிஞ்சுக்க ஒரு பொட்டி வை, ரெண்டு பக்கமும் வாசல் இருக்கட்டும். இங்க தலைக்கு மேல பிளேனு எறங்கறதைப் பத்திக் கவலைப்படாத, அது பழகிக்கும், நாம பழகலியா? தீபாவளிதான் வம்பு. பூனை ஒண்ணு மதில் மேல வந்து முறைச்சாலும் வம்புதான், பயத்துலயே செத்துப் போற பிராணி அது. தீபாவளி ரெண்டு மூணு நாளும் வீட்டுக்குள்ள கொண்டு போய் வெச்சுக்கோ. கட்டிலுக்கு அடியில மூட்டையை நகத்து.

அப்புறம் ஒத்தையா இருக்குன்னு ஜோடி தேடறதா கேள்விப்பட்டேன். நல்ல மனசு. பொட்டையும் கடாவுமா சேத்தீன்னா முப்பத்தோரு நாள்ல ஆறு ஏழு குட்டி, அதுக்கு அடுத்த மாசம் திரும்ப. ஆறு மாசத்துல பண்ணைக்காரன் ஆயிடுவ. ரெண்டு கடாவ விட்டா ஒண்ணை ஒண்ணு கிழிச்சுக்கும். வேப்பேரி கால்நடைக் கல்லூரி 1903லேருந்து இருக்கு, அங்க ஆஸ்பத்திரியில கருத்தடை பண்ணிட்டு அப்புறம் ஜோடி சேத்து வை. காதுக்குள்ள பொருக்குத் தட்டினாப்ல சொறி இருந்தாலும் அங்கயே காட்டிடு. தெருமுனையில விக்கற ஊசியை நீயா போட்டு வைக்காத.

தீனிக்குப் பெருசா யோசிக்காத. காஞ்ச புல்லு எந்நேரமும் இருக்கணும், அதுதான் பாதி மருந்து. பச்சைக்கு வேலிமசால், முயல் மசால், கொஞ்சம் கொத்தமல்லி. கேரட்டு சினிமா முயலுக்கு, ஒரு துண்டுக்கு மேல வேணாம். பிஸ்கட்டு குடுக்கற உன் பழக்கம் எனக்குத் தெரியும். புழுக்கையைத் தெருவுல கொட்டாத, என் கருவேப்பிலைச் செடிக்கு எரு. அது உன் வாடகையில கழிக்கப்படும்னு எதிர்பாக்காத.

சாயங்காலம் மேஸ்திரி வர்றான், அட்வான்ஸ் எடுத்து வை. அந்த நாலடி சாய்ப்பு எதுக்குன்னு அவன் கேப்பான். சாரலுக்குன்னு சொல்லு. சாரலுக்குத்தான். மழை இல்லாத எட்டு மாசமும் கடப்பாக் கல்லு ஓரம் என் நாடாக் கட்டில் ஒண்ணு அங்க கெடந்தா முயலுக்கும் பேச்சுத்துணை. நீ வீட்டைக் காலி பண்ணிட்டுப் போறப்ப முயலைக் கையோட தூக்கிட்டுப் போவ, கொட்டாவைப் பேத்துக்கிட்டா போவ? கீத்துக்குத் தனிக் கணக்கு எழுதாத தம்பி, எல்லாத்தையும் முயல் பேருலயே போட்டுடு.